மரச்செதிலும் தகரக் கூரையும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறினால், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் போனக்காடு நம்மை எதிர்கொள்ளும். வெள்ளையர் காடு திருத்தித் தேயிலை பயிரிட்ட நிலம் அது. தென்தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல அங்குப் பிழைக்கச் சென்றன. கடல் கடந்து வாழும் நம்மிற் சிலர்க்கும் இத்தகைய மலைத்தோட்டமே முன்னோர் ஏறிய முதற்படி. ஆதலின் மலைவீட்டின் வரலாற்றைக் கூரையிலிருந்தே தொடங்குவோம்.

தோட்டத்துத் துரைமாளிகைகளின் கூரிய முகப்பையும் கணப்படுப்பையும் கண்டோர் அவற்றைச் 'சாலே' பாணியோடு ஒப்பிடுவதுண்டு. ஆனால், சாலே என்பது மாளிகையன்று. ஆல்ப்சு மலைச்சரிவில் கோடைக்காலத்து மாடு மேய்ப்போர் தங்கிப் பாலாடைக்கட்டி செய்த எளிய குடில். கீழே கல், மேலே மரம், சுவரைத் தாண்டி நீண்ட இறவாரம், கூரைமீது மரச்செதில்கள். இச்செதில்களை வாள்கொண்டு அறுப்பதில்லை. நாரோட்டம் பார்த்துக் கட்டையைப் பிளப்பர். அறுத்த பலகையில் நார் துண்டுபட்டு நீரை உறிஞ்சும். பிளந்த செதிலிலோ நீர் நாரின் வழியே வழிந்தோடிவிடும். மீன்செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கி, ஆணி அரிதாயிருந்த காலத்தில் காற்றுக்குப் பறவாதிருக்கக் கற்களைப் பாரமேற்றினர். இடையர் குடிலைச் செல்வர் விரும்பிப் போலி செய்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் விந்தை. நம் நாட்டிலும் மரக்கூரைக்குச் சான்றுண்டு. 1553இல் எழுந்த மனாலி இடும்பி கோயிலின் அடுக்குக் கூரைகளை இன்றும் காணலாம்.

போனக்காட்டைச் சூழ்ந்த மலைகளில் மரத்திற்குப் பஞ்சமில்லை. எனினும் செதிற்கூரை அங்கு வேரூன்றவில்லை. நனைந்த செதில் உலர வேண்டும், உலர்ந்தாலன்றி நிலைக்காது. இரு பருவமழையும் பெய்யும் அம்மலையில் பாசியும் பூஞ்சணமும் கறையானும் அதனை விட்டுவைக்குமோ? நம் தச்சர் இதனை நன்கறிவர். மரத்தைக் கூரையின் எலும்பாக உள்ளே வைத்து, மேலே ஓட்டையோ செம்பையோ போர்த்தினர். தில்லைச் சிற்றம்பலத்தின் கூரையும் மரச்சட்டத்தின்மீது பொன்னோடு வேய்ந்ததே. அவ்வோடுகள் 21,600 என்பது மரபு. பத்மநாபபுரம் அரண்மனையின் தாழ்ந்த இறவாரத்தையும் செதுக்கிய மரமுகப்பையும் நோக்குக. 1956 முதல் அது தமிழ்நாட்டு எல்லைக்குள் நின்றாலும் கேரள அரசின் பொறுப்பிலேயே உள்ளது. தச்சனின் கைக்கு எல்லை ஏது! சாலேயின் சிறப்பென மேனாட்டார் போற்றிய முகப்பும் இறவாரமும் இந்நாட்டில் முன்னரே இருந்தன. அதனை உணர்ந்த சிசம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர், 1880இல் திறக்கப்பெற்ற திருவனந்தபுரம் நேப்பியர் காட்சிச்சாலைக்கு இந்நாட்டுக் கூரையையே முடியாகச் சூட்டினார்.

இங்கொரு வேடிக்கையும் உண்டு. செதில் வேய்ந்த சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிசனார், 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். நம் ஊர் வீடுகளை நிறைத்த மங்களூர் ஓடு அவ்வாறு பிறந்தது. சாலே நாட்டார் நமக்குத் தந்தது மரச்செதிலன்று, மண்ணோடே!

தொழிலாளர்க்கு வாய்த்ததோ வேறு. வரிசையாக ஒட்டிக் கட்டிய குடியிருப்பை 'லைன்' என்றான் துரை. நம்மவர் நாவில் அது லயமாயிற்று. இசையின் லயத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. 1829இல் இலண்டனில் காப்புரிமை பெற்ற நெளிதகடு தோட்டங்களை எட்டியபோது லயத்தின் தலையில் அமர்ந்தது. சுமந்தேற்ற எளிது, விலையும் குறைவு, கணக்கு அவ்வளவே. பகலில் கொதித்து, இரவில் குளிர்ந்து, மழையில் பேச்சொலியே கேளாதபடி முழங்கும் தகரத்தின்கீழ் மூன்று தலைமுறை வாழ்ந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை முதலாளியின் கடமையாக விதித்தது. ஆயினும் சுவர் ஒழுகியது ஒழுகியபடியே இருந்தது.

இந்நூற்றாண்டில் போனக்காட்டுத் தோட்டம் நொடித்தது. கூலி நின்றது, ஆலை துருவேறியது, பலர் மலையிறங்கினர். எஞ்சியோர் இடிந்த லயங்களை விட்டு எளிதில் அகலவில்லை. சொந்த நிலம் இல்லை. உழைத்த காலத்துக்குரிய பணமும் நிலுவை. இருக்கும் அறையை ஒப்படைத்தால் நிலுவையைக் கேட்டு நிற்க இடமேது? இன்று அம்மலைக்கு வருவோர் பெரும்பாலும் பாழடைந்த துரைபங்களாவின் பேய்க்கதையை நாடியே வருகின்றனர். அதனைப் படம்பிடிக்க வேண்டிக் கதவையும் சன்னலையும் தேடும் அவர்கள், வழியிலுள்ள லயங்களைக் கடந்தே மேலேறுகின்றனர்.