மின்னஞ்சலில் உருக்குலைந்த தமிழ்: ஒரு வரலாற்று நோக்கு

இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாய் அமைந்தது ஒற்றைத் தாளொன்றாகும். எனது அம்மம்மாவின் தகரப் பெட்டியிலே, காணி உறுதிகளுக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்குமிடையில், நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்த அத்தாளில் உரோம எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் நெருக்கமாக அச்சாகியிருந்தன. எந்த மொழியிலும் பொருள் தராத அவ்வெழுத்துக் குவியலின் தலைப்பில் 2003ஆம் ஆண்டின் திகதியொன்றும், ரொறன்ரோவில் வாழ்ந்த பெரிய மாமாவின் மின்னஞ்சல் முகவரியும் காணப்பட்டன. கணினிக் கடையொன்றில் அதனை எடுத்துக் கொடுத்தவர், "எழுத்து வரேல்லை, அம்மா" என்றாராம். பின்னர் தொலைபேசியில் வினவியபோது, "ஒண்டுமில்லை, சுகம் விசாரிச்சதுதான்" என மாமா முடித்துவிட்டார். ஆயினும் மகன் எழுதியது என்ற ஒன்றிற்காகவே அம்மம்மா அத்தாளைப் பேணி வந்துள்ளார். மாமா இன்று உயிருடன் இல்லை.

வரலாறு பயிலும் எமக்குக் கல்வெட்டுக்களை வாசிக்கும் முறை கற்பிக்கப்படுகின்றது. தமிழ்ப் பிராமிச் சாசனங்கள் பலவற்றிற் புள்ளி இடப்படவில்லை. மெய்யெழுத்து எது, அகரமேறிய மெய் எது என்பதை வாசிப்பவனே துணிதல் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டு பழைமையான அச்சிக்கலுக்கு விடை காண முயலும் நாம், இருபதாண்டுகளுக்கு முந்திய கடிதமொன்றின் முன் கைபிசைந்து நிற்கின்றோம். கடல்கடந்த உறவுகளுக்கும் ஊரிலிருந்தோருக்குமிடையே 1990களின் பிற்பகுதியிலும் அதன்பின்னரும் சென்று வந்த மின்னஞ்சல்களில் எத்தனையோ இவ்வாறே உருக்குலைந்து கிடக்கின்றன. அவை ஏன் உருக்குலைந்தன, மக்கள் எவ்வகை உபாயங்களால் அதனைச் சமாளித்தனர் என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

இச்சிக்கலின் வேர் மின்னஞ்சலுக்கும் முற்பட்டது. 1963இல் ஐக்கிய அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறிமுறை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு பிற்றுகளை ஒதுக்கியது. ஏழு பிற்றுகளால் 128 இடங்களே கிடைக்கும். அவற்றுள் 33 இடங்கள் பொறியை இயக்கும் கட்டளைகளுக்குச் சென்றன. எஞ்சிய 95இல் ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து, இலக்கம், நிறுத்தக்குறி, வெற்றிடம் யாவும் அடங்கின. ஆங்கிலத்திற்கு அது போதும். பிரெஞ்சு மொழியின் மேற்குறி பெற்ற எழுத்துக்குக்கூட அங்கே இடமில்லை எனின், தமிழைப் பற்றிப் பேசவேண்டியதில்லை.

மின்னஞ்சல் இவ்வீட்டிலேயே குடிபுகுந்தது. மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலே, 1971இல், றே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர், அருகருகே நின்ற இரு கணினிகளுக்கிடையே வலையமைப்பின் ஊடாகச் செய்தியொன்றை அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு அவர் தெரிந்தெடுத்த 'அற்' குறி இன்றும் எமது முகவரிகளில் உள்ளது. 1982இல் யோன் பொஸ்ரெல் எழுதிய அஞ்சற் பரிமாற்ற விதிமுறை, செய்தியின் ஒவ்வோர் எழுத்தும் ஏழு பிற்று ஆஸ்கியாகவே இருத்தல் வேண்டும் என்றும், எட்டாவது பிற்று பூச்சியமாக்கப்படும் என்றும் வகுத்தது. அன்றைய வலையமைப்பினைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியவர்களே. ஆதலால் இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. சிக்கனம் மட்டுமே உண்டு. எனினும் ஒருவரது சிக்கனம் மற்றொருவரது மொழியைப் பறித்துவிடக்கூடும் என்பது அன்று எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

பத்தாண்டுகளின் பின், 1992இல், நதானியேல் போரென்ஸ்ரைன், நெட் பிறீட் ஆகிய இருவரும் 'மைம்' என்னும் ஏற்பாட்டை வெளியிட்டனர். பழைய விதியை உடைக்காமலே அதனை ஏய்க்கும் தந்திரமாகவே இதனைக் கொள்ளலாம். ஆஸ்கியில் இல்லாத எழுத்தொன்றை அனுப்ப வேண்டின், அதன் பைற் ஒவ்வொன்றையும் சமக்குறியும் இரு குறியீடுகளுமாக மாற்றி அனுப்புதல் ஒரு முறை. மூன்று பைற்றுகளை நான்கு சாதாரண எழுத்துக்களாக மாற்றுதல் மற்றொரு முறை. பெறுபவரின் மென்பொருள் அவற்றைத் திரும்ப விரித்துக் காட்டவேண்டும். ஒளிப்படமும் ஆவணமும் அஞ்சலுடன் இணைந்து செல்வது இதனாலேயே இயன்றது. ஆனால் இரு முனையிலும் உள்ள மென்பொருள் இவ்வுடன்பாட்டை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு முனை அறியாதிருப்பின் பெறுபவர் காண்பது சமக்குறிகளின் காடே.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழை அனுப்ப விரும்பியோர்க்கு முதலில் தோன்றிய வழி, உரோம எழுத்திலே தமிழை எழுதுதல். ளகரத்திற்கும் ணகரத்திற்கும் பேரெழுத்து, லகரத்திற்கும் னகரத்திற்கும் சிற்றெழுத்து என ஒரு வழக்கு தானாகவே உருவாயிற்று. அவசரத்துக்கு உதவினும் அது தமிழ் மட்டும் கற்ற தாய்மாருக்கு எழுதத்தக்க முறையன்று. இரண்டாவது வழி எழுத்துரு. கணினியிடம் ஆங்கில எழுத்தென்றே சொல்லிவிட்டு, திரையில் அதற்குத் தமிழ் வடிவத்தை அணிவித்தல் இதன் நுட்பமாகும். தமிழில் 247 எழுத்துக்கள் எனினும், ஆ, இ, ஈ, எ, ஏ, ஐ வரிசைகளுக்குக் காலும் விசிறியும் கொம்பும் தனித்தனியே போதுமாதலால், 95 இடங்களுக்குள்ளேயே பெரும்பகுதியை நெருக்கி வைக்க முடிந்தது.

இலங்கைத் தமிழரிடையேயும் அவர்கள் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பெருவழக்குப் பெற்ற 'பாமினி' எழுத்துரு இவ்வகையினது. அதன் விசை ஒழுங்கு பழைய தமிழ்த் தட்டெழுத்துப் பொறியைத் தழுவியது. அப்பொறியின் முன்னோடி யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. பாமினியிலே தகரம் 'ஜே' விசையிலும், மகரம் 'கே' விசையிலும், இகர விசிறி 'பீ' விசையிலும், ழகரம் 'ஓ' விசையிலும், புள்ளி அரைப்புள்ளி விசையிலும் அமைந்துள்ளன. எனவே எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி எனத் தோன்றும். சொல்லின் நடுவே அரைப்புள்ளிகள் மொய்த்திருந்தால் அது பாமினி எனப் பெரும்பாலும் துணியலாம். கல்வெட்டிலே காணாமற்போன புள்ளி, இங்கே தமிழைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று!

சாதாரண அஞ்சல் எழுத்தை மட்டுமே சுமந்து செல்லும். எழுத்துருவின் பெயரைக்கூடச் சுமப்பதில்லை. ஆகவே அஞ்சலின் முதல் வரியில் எந்த எழுத்துருவை நிறுவவேண்டும் என ஆங்கிலத்தில் எழுதுவதும், எழுத்துருவையே இணைப்பாக அனுப்புவதும், கடிதத்தைப் படமாக்கி அனுப்புவதும் வழக்கமாயின. பொருள் வரி மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றது. ஏனெனில், உள்ளுடலுக்கு எழுத்துருவை மாற்றலாம்; தலைப்புகளின் பட்டியலுக்கு மாற்றுதல் எளிதன்று. அக்காலக் கடிதங்களைத் தேடுவோர் 'கடிதம்', 'வணக்கம்' போன்ற சொற்களைத் தமிழில் தேடிப் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு குறை யாதெனில், எழுத்துருதோறும் ஒழுங்கு வேறுபட்டது. சுவிற்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்' என முயற்சிகள் பெருகின. இவற்றை ஒழுங்கின்மை எனப் பழிப்போர் உளர். அப்பழிப்பு எமக்கு உடன்பாடன்று. நியமம் வரும்வரை காத்திருந்திருப்பின் ஒரு தலைமுறையின் கடிதங்கள் எழுதப்படாமலே போயிருக்கும். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடைபெற்ற தமிழிணைய மாநாடுகள் பொது நியமத்தைத் தேடின. 'திஸ்கி' என்னும் ஏற்பாடு உரோம எழுத்தைக் கீழ்ப்பாதியிலேயே விட்டு, தமிழை 128க்கு மேற்பட்ட இடங்களில் அமர்த்தியது. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அவ்வேற்பாட்டிலும் வழங்கியது. இரு மொழியும் ஒரே கடிதத்தில் அமைய இது வழிசெய்தது. ஆனால் எட்டாவது பிற்றைக் கழித்துவிடும் பழைய அஞ்சல் நிலையம் ஒன்று இடையில் அகப்பட்டால், தமிழ் முழுவதும் சிதைந்தது.

யுனிகோட்டில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அதனை அஞ்சலிற் செலுத்த உதவிய யூ.ரி.எப்-8 முறையை 1992இல் கென் தொம்சன், றொப் பைக் ஆகியோர் வகுத்தனர். இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். ஐந்து குறிகளாலான 'தமிழ்' பதினைந்து பைற்றாகும். சமக்குறி முறையில் அனுப்பினால் நாற்பத்தைந்து எழுத்தாகும். இடம் கிடைத்தும் வீடு கிடைக்கப் பல்லாண்டுகள் சென்றன. விண்டோஸ் 2000இலேயே 'லதா' எழுத்துரு உடன்வந்தது. அடுத்து வந்த எக்ஸ்பியிலோ, மொழித் தெரிவுகளுள் ஒரு சிறு பெட்டியில் அடையாளமிட்டு நிறுவற் தட்டையும் இட்டாலன்றிக் கொம்புகள் தத்தம் இடத்தில் நில்லா. பாமினியில், அச்சுக்கோப்பவரைப் போல, கொம்பை முதலில் வைத்து மெய்யைப் பின் வைப்பர். யுனிகோட்டில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையில் இடம் மாற்றுவது கணினியின் கடமை. அச்சிறு பெட்டியை அறியாது அல்லற்பட்டோர் பலர். இலங்கையில் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 நியமம் 2008இலேயே வந்தது.

உருக்குலைந்த கடிதம் கையிற் கிடைத்தால் அதனை வாசிக்க இயலுமா என்பதை அதன் குலைவே கூறிவிடும். வெற்றுப் பெட்டிகள் தெரிந்தால் எழுத்துரு மட்டுமே இல்லை. கடிதம் நலமாக உள்ளது. மேற்குறி பெற்ற 'ஏ' எழுத்தும் வட்டத்துள் 'ஆர்' குறியும் மீண்டும் மீண்டும் வந்தால், அது மேலைக் குறிமுறையில் தவறாக விரிக்கப்பட்ட யுனிகோட் தமிழ்; மென்பொருளின் குறிமுறைத் தெரிவை யூ.ரி.எப்-8 என மாற்றினாற் போதும். நான்கு, கே, ஆறு என்னும் வரிசை அடிக்கடி தலைகாட்டினால், நான்கெழுத்து முறையில் மடிக்கப்பட்ட தமிழ் விரிக்கப்படாமற் கிடக்கின்றது என்று பொருள். வினாக்குறிகள் மட்டும் எஞ்சியிருப்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. அங்கே மென்பொருள் ஒவ்வோர் எழுத்தையும் எறிந்துவிட்டு அதன் இடத்தில் வினாக்குறியை வைத்துள்ளது.

அம்மம்மாவின் தாள் பாமினியாக இருந்தமை எமது நற்பேறு. எம், டீ, அரைப்புள்ளி, பெரிய ஜீ, எஸ், அரைப்புள்ளி, எஸ் என்ற முதற்சொல் 'அன்புள்ள' என விரிந்ததும் மீதி ஓர் இரவில் முடிந்தது. அப்பப்பாவென்று நாம் அழைத்த மாமாவின் தந்தையார் 2002இல் மறைந்தவர். அவரது ஆண்டுத் திவசத்துக்கு வரவே பெருமுயற்சி செய்ததாகவும், பயணப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை எனவும், கொள்ளி வைக்காத தான் திவசமும் செய்யாது போவதைத் தாய் மன்னிக்க வேண்டும் எனவும் மாமா எழுதியிருந்தார். தொலைபேசியில் இதனைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லைப் போலும். நான் வாசித்து முடித்ததும், அம்மம்மா மறுபடியும் வாசிக்கும்படி கேட்டார்.

பெட்டியில் 2006ஆம் ஆண்டுக்குரிய இன்னொரு தாளும் இருந்தது. அது யுனிகோட்டில் எழுதப்பட்டு, வழியில் வினாக்குறிகளாகிவிட்ட கடிதம். சொற்களுக்கிடையிலான வெளிகள் மட்டும் தப்பியுள்ளன. முதற்சொல்லில் எட்டு வினாக்குறிகள், இரண்டாவதில் ஐந்து. 'அன்புள்ள' என்பதற்கு யுனிகோட்டில் எட்டுக் குறிகள். 'அம்மா' என்பதற்கு ஐந்து. அதற்குக் கீழே பதினேழு வரிகள் உள்ளன.