லீ–என்ஃபீல்டு துப்பாக்கிக் கட்டை

தமிழகக் காவலர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைத்த .303 லீ–என்ஃபீல்டு துப்பாக்கியின் மரப்பகுதியே லீ–என்ஃபீல்டு துப்பாக்கிக் கட்டை. பிரிட்டிஷ் படை 1907இல் ஏற்றுக்கொண்ட மார்க் 3 வடிவம், கல்கத்தாவை அடுத்த இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையிலும் தயாரானது. விடுதலைக்குப் பின்னும் அங்கே உற்பத்தி தொடர்ந்தது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்தது. இவ்வளவு காலம் உழைத்த துப்பாக்கியில் இரும்புக்கு முன்னால் தளர்வது மரம். அதனால் பழைய மாற்றுக் கட்டைகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் தேவை இருக்கிறது.

இந்தக் கட்டை ஒரே மரத்தில் செதுக்கியதன்று. தோளில் பதியும் பின்கட்டை, குழலைத் தாங்கும் முன்கட்டை, குழலின் மேல் மூடும் இரு துண்டுகள் என நான்கு பாகங்கள் உண்டு. இங்கிலாந்தில் வால்நட் மரம் வழக்கம். போர்க்காலத்தில் பீச் மரமும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை தன் நாட்டுக் கோச்வுட் மரத்தைக் கையாண்டது. இஷாப்பூர் முன்கட்டைகள் பலவற்றில், மரம் பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகு முடுக்கியிருக்கும். இந்தியத் துப்பாக்கியில் இந்தத் திருகைக் குறையாகக் கருத வேண்டாம். அதுவே அதன் பிறப்பிட அடையாளம்.

பின்கட்டை நான்கு அளவுகளில் வந்தது. ‘எல்’ முத்திரை இருந்தால் வழக்கமான அளவைவிட அரை அங்குலம் நீளம். ‘எஸ்’ அரை அங்குலம் குட்டை. ‘பி’ ஒரு அங்குலம் குட்டை. சுடுபவரின் கைநீளத்துக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது ஒரு முறை உண்டு. பின்கட்டைக்குள் நீளவாக்கில் ஓடும் போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையின் பின்தலையில் உள்ள தகட்டில் சிக்கியிருக்கும். முதலில் முன்கட்டையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் அந்த இடத்தில் மரம் பிளந்துவிடும். பழைய முன்கட்டைகள் பல இப்படித்தான் வீணாயின.

முன்கட்டையைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். வெடியின் பின்னுதைப்பை வாங்குவது அதன் பின்பகுதியில், விசைக்கு மேலே, இரு பக்கமும் உள்ள சிறிய மரமுகங்கள். ஆண்டுக்கணக்கில் துப்பாக்கி எண்ணெய் ஊறினால் அவை கறுத்து, நகத்தால் அழுத்தினாலே பதியும். அப்படிப்பட்ட கட்டை வெளியே எவ்வளவு பளபளத்தாலும் வாங்கத் தக்கதன்று, குறி நிலைக்காது. மாறாக, மேலே கீறலும் தழும்பும் நிறைந்து, இந்த இடம் மட்டும் உறுதியாக இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். பயன்படுத்தாத பழைய இருப்புக் கட்டைகளில் இம்முகங்களில் மரம் கூடுதலாக விட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் படியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பொருத்த வேண்டும். மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயே பொருத்தம். வார்னிஷ் பூசிய கட்டை அதன் காலத்தோடு ஒட்டாது.

இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட விட்டத்தைச் சேர்ந்தது. சாதாரண உரிமத்தில் வைத்துக்கொள்ள முடியாது. உரிமதாரர்களுக்காக இதே அமைப்பில் .315 துப்பாக்கியை இஷாப்பூர் தயாரித்தது. எந்தத் துப்பாக்கியானாலும் அதைத் தொழிலாகப் பழுதுபார்ப்பவருக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். சுடுவதற்கு எவ்வகையிலும் உதவாத பழம்பொருளுக்கு 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது.

முன்கட்டையின் அடியில், முனைக்கு அருகே, துப்பாக்கியின் எண் பல வேளைகளில் குத்தப்பட்டிருக்கும். எனவே சிறு பிளவுள்ள மூலக்கட்டையைப் பசையும் மர முளையும் இட்டுச் சரிசெய்யப் பாருங்கள். மாற்றுக் கட்டைதான் வழி என்றாலும், கழற்றிய பழைய கட்டையை எறியாமல் துப்பாக்கியோடு சேர்த்தே பாதுகாத்து வையுங்கள்.