பரங்கிப்பேட்டையும் உமறுவின் அரங்கேற்றமும்

இக்கால இலக்கிய விழாக்களில் நூலாசிரியர் மேடையேறிச் சில நிமிடங்கள் உரையாற்றுகிறார், பொன்னாடை போர்த்தப் பெறுகிறார், அவை கலைகிறது. நம் முன்னோர் கண்ட விழா அரங்கேற்றம் ஆகும். அங்கே நூல் முழுவதும் கற்றோர் முன் ஓதப்படும். அவர் எழுப்பும் ஐயங்களுக்கு ஆசிரியரே விடை பகர வேண்டும். சேக்கிழாரின் பெரியபுராணம் சிதம்பரத்தில் அவ்வாறு அரங்கேறியது என்பது வழிவழி வரும் செய்தி.

அரபு நாட்டிலும் இம்மரபு உண்டு. தாயிஃபை அடுத்த உக்காழ் சந்தையில் கவிஞர்கள் கூடுவர். செந்தோல் கூடாரத்தில் அமர்ந்து நாபிஃகா என்னும் பெரும்புலவர் கவிதைகளின் தரம் கூறுவார் என்பர். பின்னாளில் மதீனத்துப் பள்ளிவாசலில் கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்கள் நின்று பாடுவதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மேடை அமைத்துத் தந்தார்கள் என ஹதீஸ் நூல்கள் பகர்கின்றன.

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை உள்ளது. மஹ்மூது பந்தர் என நம்மவர் வழங்கிய துறைமுகம் இது. உமறுப் புலவரின் வாழ்வில் இவ்வூர் இரு முறை வருகிறது.

எட்டயபுரத்து அவைக்களப் புலவரான உமறு தமிழில் துறைபோகியவர். எனினும் நபிகள் நாயகத்தின் வரலாற்றுக்கு மூலம் அரபு நூல்கள். அதில் ஒரு சொல் பிறழினும் அது கவிதைக் குற்றமாக மட்டும் நில்லாது, மார்க்கத்தில் பிழையாகிவிடும். ஆகவே கீழக்கரையில் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடினார். புலவரின் நடையுடை கண்டு அப்பா முதலில் இசையவில்லை என்றும், பின்னர் மனமிரங்கிப் பரங்கிப்பேட்டையிலிருந்த ஓர் ஆலிமிடம் அனுப்பினார் என்றும் செவிவழிச் செய்தி கூறும். அவைப் புலவர் மாணவராய் அமர்ந்து பாடம் கேட்டது இவ்வூரில்தான்.

இரண்டாம் முறை வள்ளலைத் தேடி. முதலில் ஆதரித்த சீதக்காதி மறைந்தபின், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் நூல் தொடரவும் அரங்கேறவும் துணை நின்றார். காவியத்துள்ளே புலவர் அவரை நன்றியுடன் போற்றுகிறார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5,027 பாடல்கள். அண்ணலாரின் இறுதிக்காலம் இதில் இடம்பெறவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார்.

செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842இல் சீறாவை அச்சேற்றினார். அதுவரை அந்நூல் ஏட்டிலும் ஓதுவோர் நாவிலும் கேட்போர் செவியிலுமே வாழ்ந்தது.

1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு முதலாக நமக்கும் மேடைகள் பெருகின. அவை வேண்டியனவே. ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. உமறு பேசுவதற்கு முன் கேட்டார். பாடியதைக் கற்றோர் முன் வைத்தார். நம் விழாக்களிலோ நூலைப் படித்து வந்து வினவுவோர் அருகினர். வினவினால் வருந்தாத ஆசிரியரும் அருகினர். அடுத்த விழாவுக்குச் செல்லும் குடும்பத்தார் அந்நூலை வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுச் செல்வாராயின், அரங்கேற்ற மரபு மீண்டும் தழைக்கும்.