கேட்பாரற்ற பொதுச்சபை



நம் கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் நாம் கேட்காத விளம்பரங்கள் நாள்தோறும் வந்து குவிகின்றன. அவற்றை அழித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கச் செல்கிறோம். இத்தகைய 'ஸ்பேம்' செய்திகள் உலகளாவிய பொதுச்சபை ஒன்றையே பாழாக்கிய வரலாறு நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

ஸ்பேம் என்பது 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டப்பா இறைச்சியின் பெயர். 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நகைச்சுவைக் காட்சி ஒன்றில், அச்சொல் திரும்பத் திரும்பக் கூவப்பட்டு மற்றவர் பேச்சு அமுங்கிப் போகும். அதனால், பிறர் பேச்சை அமுக்கும் வேண்டாத செய்திகளுக்கும் பிற்காலத்தில் அப்பெயரே நிலைத்தது.

1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் 'யூஸ்நெட்' என்னும் அமைப்பை உருவாக்க முனைந்தனர். தலைப்பு வாரியாகப் பிரிந்த குழுக்களில் மக்கள் வினா எழுப்பினர், அறிந்தவர் விடையளித்தனர். அதற்குத் தனி உரிமையாளர் எவருமில்லை. பெரும்பாலான குழுக்களில் எவரும் எழுதலாம். அதுவே அதன் சிறப்பு; அதுவே அதன் பலவீனமும் ஆயிற்று.

1994 ஏப்ரல் 12 அன்று, லாரன்ஸ் கேன்டர், மார்தா சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதியர், கிரீன் கார்டு குலுக்கல் குறித்த தம் விளம்பரத்தை 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் பரப்பினர். உறுப்பினர்கள் கொதித்தெழுந்தனர். கண்டன மடல்களின் வெள்ளத்தில் அத்தம்பதியருக்கு இணைய இணைப்பு வழங்கிய நிறுவனத்தின் கணினிகளே தடுமாறின. அவர்களின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது. நார்வேயைச் சேர்ந்த ஆர்ன்ட் குல்பிரான்ட்சன் அவர்களின் விளம்பரங்களைத் தானாக நீக்கும் நிரல் ஒன்றை எழுதினார். அன்று சபை விழித்திருந்தது என்பதற்கு இவையே சான்று.

சில குழுக்களில் நடுவர்கள் இருந்தனர். ஒவ்வொரு மடலையும் படித்துப் பார்த்தே அவர்கள் அனுமதித்தனர். ஊதியமற்ற அப்பணி நடந்தவரை அங்கு ஒழுங்கு நிலவியது. நடுவர் பொறுப்பை விட்டு அகன்ற குழுக்களிலோ நல்ல மடல்களும் வெளிவராமல் தேங்கின. கதவைத் திறந்து போட்டால் குப்பை நுழைகிறது. காவலரில்லாமல் பூட்டி வைத்தால் நல்லவர் வெளியே நிற்க நேரிடுகிறது.

காலப்போக்கில் மக்கள் சமூக வலைத்தளங்களுக்குச் சென்றனர். சென்றவர் இடத்தைப் பெருமளவு ஸ்பேம் நிரப்பியது. 2024 பிப்ரவரி 22 முதல், யூஸ்நெட்டில் புதிய மடல்களை இடும் வசதியைக் கூகுள் குரூப்ஸ் நிறுத்திக்கொண்டது. உண்மையான உரையாடல் வெகுவாகக் குறைந்ததையும், ஸ்பேம் மிகுந்ததையும் அது காரணங்களாகக் கூறியது. பழைய மடல்கள் மட்டும் அங்கே படிப்பதற்கு விட்டுவைக்கப்பட்டன.

1994இல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குழுக்களில் விளம்பரம் புகுந்தபோது யூஸ்நெட் அழியவில்லை; தட்டிக்கேட்க ஆள் இருந்தார்கள். கேட்பவர் அகன்ற பின்னரே அது குப்பைமேடாயிற்று. வடிகட்டும் மென்பொருள்கள் பல வந்துவிட்டன, அவையும் துணைக்கருவிகளே. பொதுவான ஓர் இடத்தைக் காப்பது, அதைத் தம்முடையதெனக் கருதி நாள்தோறும் எட்டிப் பார்க்கும் சிலரின் உழைப்பே ஆகும். அச்சிலருள் நாமும் இருக்கிறோமா என்பதை நாம் ஒவ்வொருவரும் சிந்திப்போமாக!