தொண்டர் எப்போது பயிற்றுநர் ஆனார்? மாணவர் தன்னார்வப் பணியின் வரலாறும் தோல் தொழில் வட்டாரமும்

ஆய்வுச்சுருக்கம்

1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் முதலில் உடலுழைப்புத் தொண்டராகவே அறியப்பட்டார். 1986க்குப் பின் எழுத்தறிவுப் பணியின் வழியாக அவர் பிறருக்குத் திறன் கற்பிக்கும் பயிற்றுநராக மாறினார். இந்த மாற்றத்தையும், அடுக்குமுறைப் பயிற்சியில் அதனால் எழுந்த சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது. புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின் மிதிவண்டிப் பயிற்சி ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பகுதியில் மாணவத் தொண்டராக இருந்த கட்டுரையாளரின் பட்டறிவும் சான்றாகிறது.

திறவுச்சொற்கள்: நாட்டு நலப்பணித் திட்டம், அறிவொளி இயக்கம், கருத்தாளர், பயிற்றுநர், ஒடுகத்தூர், தோல் தொழில்.

1. மண்வெட்டியும் சிலேட்டும்

மாணவர் தன்னார்வ அமைப்புகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் விழா மலர்களும் ஆண்டறிக்கைகளுமே. எத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன, எத்தனை முகாம்கள் நடந்தன என்ற கணக்கு அவற்றில் உண்டு. பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் தம்மினும் மூத்தோர் முன் நின்று கற்பிக்கும் தகுதியை எங்கிருந்து பெற்றார் என்ற வினா அவற்றில் எழுவதில்லை. இக்கட்டுரையின் அக்கறை அவ்வினாவில்தான் உள்ளது.

விடுதலைக்குப் பிந்தைய கொள்கை விவாதங்களில் மாணவர் சேவை என்பது முதன்மையாக உழைப்பையே குறித்தது. 1948–49ஆம் ஆண்டின் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு மாணவர் சமூகப் பணியை விருப்ப அடிப்படையில் வைக்கலாம் என்றது. 1959இல் அமைக்கப்பட்ட சி. து. தேஷ்முக் குழு நேர்மாறான நிலையை எடுத்தது. உயர்நிலைப் பள்ளி முடித்துக் கல்லூரி புக விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகத் தேசியப் பணியாற்ற வேண்டும் என்பது அதன் பரிந்துரை. நிதிச்சுமையும் நடைமுறைச் சிக்கலும் அதற்குத் தடையாயின. பிற நாடுகளின் இளைஞர் பணித் திட்டங்களை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன், கட்டாயமின்மையே தக்கது என்றார். கோத்தாரிக் குழுவும் (1964–66) மாணவர் சமூகப் பணியை வலியுறுத்தியது. முடிவில், 1969 செப்டம்பர் 24 அன்று, வி. கே. ஆர். வி. ராவ் மத்தியக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது.

தொடக்க ஆண்டுகளின் முகாம் முழக்கங்கள் பஞ்சத்துக்கு எதிராகவும் அழுக்குக்கும் நோய்க்கும் எதிராகவும் இளைஞரைத் திரட்டின. காடு வளர்க்கவும் ஊரகத்தை மறுசீரமைக்கவும் அழைத்தன. சாலை, குளம், கிணறு, மரக்குழி என முகாமின் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. மண்வெட்டி பிடிக்கத் தெரியாத மாணவருக்கு ஊர் உழவரே அதைக் கற்றுத்தந்தார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. அந்த உறவில் கற்பவர் மாணவர்.

1986 மே முதல் நாள் தொடங்கிய பயன்பாட்டு எழுத்தறிவுக்கான மக்கள் திட்டம் இந்த உறவைத் தலைகீழாக்கியது. ஒருவர் ஒருவருக்குக் கற்பித்தல் என்ற நெறியில் மாணவர்கள் பயிற்சிப் பொருள்களுடன் ஊருக்குள் அனுப்பப்பட்டனர். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைந்தபின் இந்நோக்கு உறுதிப்பட்டது. மாணவரின் கையில் மண்வெட்டி இருந்த இடத்தில் சிலேட்டு வந்தது. ஊராரின் நோக்கில் அவர் உதவியாளர் நிலையிலிருந்து ஆசிரியர் நிலைக்கு உயர்ந்தார். இந்த உயர்வுக்கு ஈடான ஆயத்தம் அவருக்குத் தரப்பட்டதா என்பது வேறு செய்தி. திட்டக் கையேட்டின்படி ஒரு தொண்டரின் ஆண்டுப் பணி 120 மணி நேரம். அதில் அறிமுகப் பயிற்சிக்கு 20 மணி, கல்லூரி வளாகப் பணிக்கு 30 மணி, சமூகப் பணிக்கு 70 மணி. அந்த இருபது மணி நேரத்திற்குள் அமைப்பின் வரலாறு, நோக்கம், ஒழுங்கு முதலிய அனைத்தும் அடங்கியாக வேண்டும். கற்பித்தல் முறைக்கு எஞ்சும் நேரம் எவ்வளவு என்பதை ஆசிரியப் பணியிலுள்ள வாசகர் எளிதில் கணிப்பர்.

2. கருத்தாளர் என்னும் அடுக்கு

அறிவொளி இயக்கம் இக்குறையை நன்கு உணர்ந்திருந்தது. எர்ணாகுளத்தை அடுத்துப் புதுவையிலும், பின்னர்த் தமிழக மாவட்டங்களிலும் பரவிய முழு எழுத்தறிவு இயக்கங்கள் பயிற்சியை அடுக்குகளாக வகுத்தன. மேலடுக்கில் கருத்தாளர்கள், அவர்கள் முதன்மைப் பயிற்றுநர்களை ஆயத்தப்படுத்துவர், முதன்மைப் பயிற்றுநர்கள் ஊர்தோறும் உள்ள தொண்டர்களுக்குப் பயிற்சி தருவர், ஒவ்வொரு தொண்டரும் ஏறத்தாழப் பத்துக் கற்போருக்குப் பொறுப்பேற்பார். மூன்று பாடநூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரக் கற்றல் என்பது திட்டம். முடிவில் கற்போர் நிமிடத்திற்கு 30 சொற்களை வாய்விட்டுப் படிக்கவும், 7 சொற்களைப் பார்த்து எழுதவும், 5 சொற்களைச் சொல்வதெழுதவும் வேண்டும். இவ்வளவு துல்லியமான அளவுகோல் அதற்கு முந்தைய முதியோர் கல்வித் திட்டங்களில் இருந்ததில்லை.

அடுக்குமுறையின் வலிமை அதன் வேகம். ஊதியம் பெறாத பல்லாயிரம் பேரைச் சில மாதங்களில் களத்தில் நிறுத்த வேறு வழியும் இல்லை. ஆனால் ஒவ்வோர் அடுக்கிலும் பொருள் நீர்த்துப்போகும். மேலடுக்கில் உரையாடலாக நிகழ்ந்த பயிற்சி, நடுவில் சொற்பொழிவாகி, கீழே பாடநூலின் பக்க எண்ணாகச் சுருங்கும். 'கருத்தாளர்' என்ற சொல்லே இச்சிக்கலைக் காட்டிக்கொடுக்கிறது எனக் கருதலாம். கருத்து மேலே இருக்கிறது. அது கீழே இறக்கப்படுகிறது. இயக்கத்துக்குள் இருந்தோரே இதை வெளிப்படையாகப் பேசியுள்ளனர். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' என்ற அறிவொளி அனுபவ நூல், வெற்றிப் பட்டியலாக நில்லாமல் தயக்கங்களையும் பதிவுசெய்வதால் ஆய்வாளருக்கு அரசு அறிக்கைகளைவிடப் பயன்படுகிறது.

3. புதுக்கோட்டையின் மிதிவண்டி

இதே இயக்கத்துக்குள் அடுக்குமுறைக்குக் கட்டுப்படாத ஒரு நிகழ்வும் உண்டு. 1991இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பதை எழுத்தறிவுப் பணியின் ஒரு கூறாக்கியது. கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர் ஊர்விட்டு ஊர் செல்ல ஆணின் துணையையோ பேருந்தையோ நம்பியிருந்தால் இயக்கமே நின்றுவிடும் என்ற நடைமுறைக் காரணம் அதற்கு இருந்தது. 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் நகரை வலம்வந்தனர். மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அவர்களுள் உழவுத் தொழிலாளரும் கல்குவாரிப் பெண்களும் ஊரகச் செவிலியரும் இருந்தனர்.

எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமானது பரவிய முறை. நேற்றுக் கற்ற பெண் இன்று இன்னொருத்திக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டார். கருத்தாளர், முதன்மைப் பயிற்றுநர், தொண்டர் என்ற வரிசை இங்குத் தேவைப்படவில்லை. இதற்குக் காரணம் திறனின் இயல்பிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. வண்டி ஓட்டத் தெரியுமா என்பதற்கு மேலிருந்து வரும் தேர்வு வேண்டாம். விழுந்தால் விழுந்தது, ஓடினால் ஓடியது. பயிற்றுநரின் தகுதியையும் கற்பவரே தம் கண்ணால் சோதித்துவிடுகிறார். எழுத்தறிவு வகுப்பிலோ தொண்டர் சொல்லிக்கொடுப்பது சரியா என அளக்கும் கருவி கற்போரிடம் இல்லை. எனவே பயிற்றுநரின் அதிகாரம் முதல்வகைத் திறனில் கரைகிறது. இரண்டாம் வகையில் நிலைக்கிறது. பாலோ ஃபிரெய்ரேயின் கல்விச் சிந்தனையைத் தமிழ்ச்சூழலில் பேசுவோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செல்வது வியப்பளிக்கிறது.

4. ஒடுகத்தூரில் திறன் யாரிடம்?

ஒடுகத்தூர் சவ்வாது மலையடிவாரத்தில், அணைக்கட்டு வட்டத்தில் அமைந்த பேரூராட்சி. பீஞ்சமந்தை முதலிய மலையூர்களின் மக்கள் இங்கு இறங்கிவருவர். ஆட்டுச்சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். மறுபுறம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழில் வட்டாரம் விரிகிறது. 2019 மாவட்டப் பிரிப்பில் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. உழைப்புச் சந்தையில் அந்த எல்லைக்குப் பொருளில்லை.

இவ்வட்டாரத்தின் திறன் வரலாறு கல்லூரிக்கு வெளியே உருவானது. 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்ததைத் தொடர்ந்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாகப் பதனிட்ட தோலும் தோற்பொருளும் ஊக்குவிக்கப்பட்டன. தோல் பதனிடுதல் பெரும்பாலும் ஆண்களின் வேலையாக இருந்த இடத்தில், காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் வேலை பெண்களைத் திரளாக உள்ளிழுத்தது. விடியற்காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துக்காகக் கூட்டுச்சாலையில் நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் தொழிலை இயந்திரத்தின் முன், பக்கத்து இருக்கைக்காரியிடம் கற்றவர்கள். புதுக்கோட்டை மிதிவண்டியின் பரவல்முறைதான் இது. ஆனால் எந்த இயக்கமும் அதற்குப் பெயர் சூட்டவில்லை, எந்த அறிக்கையும் அவர்களைப் பயிற்றுநர் எனக் குறிக்கவில்லை.

இக்கட்டுரையாளர் இளங்கலை பயின்றபோது, ஒடுகத்தூரை அடுத்த சிற்றூரில் நடந்த ஏழு நாள் முகாமில் 'திறன் பயிற்றுநர்' என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சென்றவர். அதற்கு முன் பெற்ற பயிற்சி இரண்டு நாள். வங்கிப் படிவம் நிரப்புதல், கைப்பேசியில் பணம் அனுப்புதல், கைத்தையல் ஆகிய மூன்றும் பாடத்திட்டத்தில் இருந்தன. முதலிரண்டுக்கும் பெண்கள் ஆர்வமாக அமர்ந்தனர். மூன்றாம் நாள் கைத்தையல் வகுப்பில், ஆம்பூருக்கு வேலைக்குச் செல்லும் அக்கா ஒருவர் துணியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்றார். பின்னர் ஊசியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். எஞ்சிய வகுப்பை நடத்தியவர் அவரே. கட்டுரையாளர் நூல் கோத்துக்கொடுத்தார். முகாம் அறிக்கையில் அவ்வகுப்பின் பயிற்றுநர் பெயராகக் கட்டுரையாளர் பெயரே பதிவாயிற்று. அதைத் திருத்தக் கேட்டபோது, பயனாளியின் பெயரைப் பயிற்றுநர் கட்டத்தில் எழுதப் படிவத்தில் இடமில்லை என்ற விடை கிடைத்தது.

படிவத்தின் இந்த இயலாமை ஒரு கல்லூரியின் கவனக்குறைவு அன்று. 1986க்குப் பின் மாணவர் பணி எந்தத் திசையில் திரும்பியதோ அத்திசையே அந்தக் கட்டங்களை வரைந்திருக்கிறது: கொடுப்பவர் ஒரு பத்தியில், பெறுபவர் மறு பத்தியில். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதில் ஒரு நெகிழ்வைக் காட்டியது. அதன் தன்னார்வலர் பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த படித்த பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் பெற்றனர். ஆயினும் அங்கும் பயிற்றுநராகும் தகுதி பள்ளிப் படிப்பையும் பட்டத்தையும் கொண்டே கணிக்கப்பட்டது.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களாக விரிவுரையாளர்களே பொறுப்பேற்பதால் ஒரு கருத்தை அவர்கள் முன் வைக்கலாம். அறிமுகப் பயிற்சியின் இருபது மணி நேரத்தில் நான்கு மணியையேனும், முகாம் நடக்கவுள்ள ஊரில் யாருக்கு என்ன திறன் உண்டு எனக் கேட்டறிவதற்கு ஒதுக்க இயலும். இதற்குத் தனி நிதியும் புதிய ஆணையும் தேவையில்லை. அந்த அக்காவிடம் முகாமுக்கு முன்பே கேட்டிருந்தால் அவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன் என்றிருப்பார். மற்ற நாள்களில் பேருந்து காலை ஆறு மணிக்கே வந்துவிடும்.