குறைமாதக் குழந்தையின் குடல் நுண்ணுயிர்கள்

கருவுற்று 37 வாரம் நிறையும் முன்னே பிறந்துவிடும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறது மருத்துவம். 2020இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியக் குழந்தைகள். நுரையீரல் விரிந்ததா, எடை ஏறுகிறதா என்பதுதான் வீட்டாரின் கவலை. அதே நாட்களில் குழந்தையின் குடலுக்குள் பாக்டீரியாக்கள் குடியேறத் தொடங்கியிருக்கும். அது யார் கண்ணிலும் படுவதில்லை.

நிறைமாதத்தில் சுகப்பிரசவமாகும் குழந்தைக்கு முதல் பாக்டீரியாக்கள் தாயின் குடலிலிருந்தும் பிறப்புவழியிலிருந்தும் தோலிலிருந்தும் பாலிலிருந்தும் வருகின்றன. ஈ.கோலி, என்டெரோகாக்கஸ் போன்றவை முந்திக்கொண்டு நுழைந்து குடலிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அதன் பிறகே ஆக்சிஜன் ஆகாத பிஃபிடோபாக்டீரியா பெருக முடியும். 1885இல் தியோடோர் எஷரிக் குழந்தைகளின் மலத்தில் கண்டதுதான் இன்றைய ஈ.கோலி. தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியாவை அடையாளம் கண்டவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஹென்றி டிசியே. நூற்றாண்டு கடந்த கண்டுபிடிப்புகள் இவை. குறைமாதக் குழந்தையின் குடலைப் பற்றிய தெளிவோ மரபணு வரிசை படிக்கும் கருவிகள் வந்த பிறகே கிடைத்தது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 58 குறைமாதக் குழந்தைகளிடமிருந்து 922 மல மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. முதலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாசிலை வகை, அடுத்து கிளெப்சியெல்லா, ஈ.கோலி அடங்கிய காமாபுரோட்டியோபாக்டீரியா, கடைசியில் கிளாஸ்ட்ரிடியா என்ற வரிசை எல்லாக் குழந்தைகளிடமும் தெரிந்தது. சிசேரியனா சுகப்பிரசவமா, ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா, என்ன பால் குடித்தது என்பவை வேகத்தைக் கூட்டின, குறைத்தன, வரிசையை மாற்றவில்லை. கருவுற்ற நாளிலிருந்து 33 முதல் 36 வாரம் ஆகும்போது ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாக்கள் நிலைபெற்றிருந்தன. பிறந்த தேதியைவிடக் கருவின் வயதுக்கே குடல் கட்டுப்படுகிறது என்பது இதன் பொருள்.

வரிசை உடலின் கையில் இருந்தாலும், அதில் எந்தக் கிருமி வந்து உட்காரும் என்பது பெரும்பாலும் வார்டின் கையில்தான். இன்குபேட்டர், மூக்குவழிக் குழாய், சிரை ஊசி, பலருடைய கைகள் எல்லாம் கிருமிக்கு வழிகளே. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் ரத்தத் தொற்றுக்கு அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலி மூன்றுமே முதன்மைக் காரணங்களாக இருந்தன. பல மருந்துகளுக்கு அவை அடங்கவும் இல்லை. காமாபுரோட்டியோபாக்டீரியா மிகுந்துபோன குடலில் திசு அழுகல் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்றும் அதே ஆண்டு தெரியவந்தது. வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் கண்டு, சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை வரை போய்விடும் நோய் அது.

தமிழ்நாட்டில், ஏலகிரி மலைமீதுள்ள 14 சிற்றூர்களில் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதமே வலி கண்டால், 108 வண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் திருப்பத்தூருக்கோ, அங்கிருந்து வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ போகும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கும் பெரிய மருத்துவமனை என்றால் வேலூர்தான். அந்த வேலூரிலேயே இந்தத் துறையின் முக்கியமான ஒரு கண்டறிதலும் நிகழ்ந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தை வார்டுகளில் ஜி10பி11 என்ற ரோட்டாவைரஸ் வகை பரவிவந்தது. சில குழந்தைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு வயிற்றுக் கோளாறுகள் வந்தன. ககன்தீப் காங், சசிரேகா ரமணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் தாய்ப்பாலையும் குழந்தைகளின் மலத்தையும் சேர்த்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. அறிகுறி கண்ட குழந்தைகளின் தாய்மார்களுடைய பாலில் சில ஒலிகோசாக்கரைடு சர்க்கரைகள் கூடுதலாக இருந்தன. பாலிலும் மலத்திலும் என்டெரோபாக்டர், கிளெப்சியெல்லா மிகுந்திருந்ததோடும் அவை ஒத்துப்போயின. இதே சர்க்கரைகள்தாம் பிஃபிடோபாக்டீரியாவுக்கு உணவு. வேறு பல கிருமிகள் குடல் சுவரில் ஒட்டாமல் தடுப்பவையும் அவையே. இதைக் காட்டி யாரும் தாய்ப்பாலைக் குறை சொல்லத் தேவையில்லை. பாலும் பாக்டீரியாவும் வைரஸும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் ஒன்றை மட்டும் தனியே எடுத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே ஆய்வு சொல்வது.

எடை குறைந்த குழந்தைக்கு இன்றும் முதல் மருந்து பெற்றவளின் சீம்பால்தான். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குக் குழாயிலும், பிறகு பாலாடையிலும் புகட்டுகிறார்கள். தாய்க்குப் பால் ஊறாவிட்டால் தாய்ப்பால் வங்கி. இந்தியாவில் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. கொடைப்பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்குவதால் அதிலுள்ள பாக்டீரியாக்கள் மடிகின்றன. ஒலிகோசாக்கரைடு சர்க்கரைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் விடாத சர்க்கரைத் தண்ணீரும் சங்கில் வாங்கிப் புகட்டும் கழுதைப்பாலும் இந்தக் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. கொதிக்கவைக்காத பாலிலும் கழுவாத சங்கிலும் உள்ள கிருமிகள் நேராகக் குடலுக்குப் போகும்.

தோலோடு தோல் சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்புக்கு ஆதாரம் வலுவானது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனே அதைத் தொடங்கியதால் 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது.

நல்ல பாக்டீரியாக்களையே மருந்தாகப் புகட்டும் புரோபயாடிக் சொட்டு மருந்தில் இந்தத் தெளிவு இல்லை. ஒடிசாவின் கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரமும் அதற்கு உணவாகும் சர்க்கரையும் கொடுத்துப் பார்த்த பினாகி பாணிகிராகியின் குழு, ரத்தத் தொற்றும் இறப்பும் 40 விழுக்காடு குறைந்ததாக 2017இல் அறிவித்தது. ஆனால் அவர்கள் சேர்த்துக்கொண்டவை இரண்டு கிலோவுக்குக் குறையாத, 35 வாரம் நிறைந்த குழந்தைகள் மட்டுமே. மிகச் சிறிய குழந்தைகளிடம் பிஃபிடோபாக்டீரியம் பிரேவ் வகையைச் சோதித்த பிரிட்டன் ஆய்வு 2016இல் பலன் எதையும் காணவில்லை. 2023இல், புரோபயாடிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை அதே பாக்டீரியாவால் ரத்தத் தொற்று கண்டு இறந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளை எச்சரித்தது.