மீன்முள் வாய்க்கால் பிறந்த கதை

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகேறுகிறவர்கள் சுரபுன்னையின் வளைந்த வேர்களைத்தான் முதலில் படம் பிடிப்பார்கள். நான் வெண்கண்டல் மரத்தைப் பாருங்கள் என்பேன். வெயிலேறிய நேரத்தில் அதன் இலையை விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பில் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடுகிறது. தப்பி உள்ளே வந்ததை இலையின் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால், மரத்தைச் சுற்றி வேர்கள் விரல்விரலாக மேலே முளைத்து, நீர் வற்றும்போது நுண்துளைகள் வழியே மூச்சு வாங்குகின்றன.

இவ்வளவு தெரிந்த மரம் இங்கே உப்பாலேயே அழிந்தது.

ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை, விறகுக்காகக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டினார்கள். தானாகத் தழைத்துவிடும் என்று நம்பினார்கள். பல இடங்களில் தழைக்கவில்லை. பழி கரையோர ஊர்க்காரர்கள் மேலும் அவர்கள் மாடுகள் மேலும் விழுந்தது. எவ்வளவு அநியாயமான பழி!

நடந்தது வேறு. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, இறுகி, மட்டம் தாழ்ந்து பள்ளமானது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் திரும்ப வழியில்லை. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கோடையில் அந்தப் பள்ளங்களில் அது வெகுவாக ஏறியது. வெண்கண்டலின் சுரப்பிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. விதை விழுந்தது, கன்று கருகியது.

காரணம் தெரிந்ததும் 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் மண்வெட்டியை எடுத்தன. உப்பங்கழியிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு பெரிய வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் மீன்முள். ஏற்றத்தில் நீர் கிளைவரை போகும். வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு திரும்பும். வாய்க்கால் சரிவுகளில் ஊர்க்காரர்களும் சேர்ந்து கன்று நட்டார்கள். பழி சுமந்தவர்கள் கைதான் காட்டை மீட்டது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த முறை முத்துப்பேட்டைக்கும், ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களுக்கும் போனது. வாய்க்காலில் வண்டல் படியும்; அவ்வப்போது தூர்வார வேண்டும். கன்று நடும் விழாவுக்குக் கிடைக்கும் பணம் தூர்வாரவும் கிடைக்க வேண்டும். தூர்ந்த வாய்க்காலுக்குப் பின்னால் நீர் மறுபடி தேங்கத் தொடங்கிவிடும்.